சிறப்பு விருந்தினர் வரும் வரை

என் தொழிலைச் சொன்னால் முதலில் யாருக்கும் புரியாது. பிறந்தநாள், காதுகுத்து, அபார்ட்மென்ட் ஆண்டு விழா என்று எங்கே நாலு பெரியவர்கள் கூடினாலும், அவர்கள் பெற்ற பிள்ளைகள் அவர்களைத் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. 'கிட்ஸ் எங்கேஜ்மென்ட்' என்று விசிட்டிங் கார்டில் போட்டிருக்கிறேன். பொழிச்சலூரில் எங்கள் தெருக்காரர்களுக்கு அது வாயில் நுழையாது. பலூன் மிஸ் என்பார்கள். சொந்தப் பெயர் ஜாஸ்மின்.

குழந்தைகளைச் சமாளிப்பது பெரிய வித்தை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. ஒரு கைதட்டு, ஒரு பொய்ச் சிங்கம், யார் முதலில் வாயை மூடுகிறார்கள் பார்க்கலாம் என்று ஒரு போட்டி, இவ்வளவு போதும். மைக் கிடைத்த பெரியவர்களைச் சமாளிக்கத்தான் தாம்பரத்திலிருந்து குன்றத்தூர் வரை ஒரு ஆள் கிடையாது. அப்படி ஒருவர் கடை போட்டால் நானே முதல் வாடிக்கையாளராகப் போவேன்.

போன நவம்பரில் ராஜகோபால் நகர் குடியிருப்போர் நலச் சங்கம் குழந்தைகள் தின விழாவுக்கு என்னைக் கூப்பிட்டது. ராஜகோபால் யாரோ மறைந்த தியாகி என்று நினைத்துவிடாதீர்கள். உயிரோடு, நல்ல உடம்போடு இருக்கிறார். அவர் அப்பா நெல் விளைவித்த நிலத்தை இவர் மனை மனையாகப் பிரித்து விற்று, தன் பெயரையே வைத்துவிட்டார். சங்கத்துக்கு ஆயுட்காலத் தலைவரும் அவரே. விழா நடந்த கிளியம்மாள் மஹால், அவருடைய அம்மா பெயரில் அவர் கட்டியது. அந்த நகரில் கடவுளுக்கே ஒரு சந்துதான் கிடைத்திருக்கிறது.

சிறப்பு விருந்தினராக ஒரு பில்டரை அழைத்திருந்தார்கள். நகரில் மிச்சமிருக்கும் ஒரே காலி மனையில்தான் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். அதில் ஐந்து மாடி எழுப்பப் போகிறவர் இவர். குழந்தைகள் தினத்துக்கு இதைவிடப் பொருத்தமான விருந்தினர் கிடைப்பாரா, சொல்லுங்கள்.

நான் போய்ச் சேர்ந்ததும் சங்கச் செயலாளர் லக்ஷ்மிநாராயணன் என்னை மாடியில் இருந்த சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துப் போனார். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வங்கியில் யாரும் காது கொடுத்திருக்க மாட்டார்கள் போலிருக்கிறது, அங்கே பேச முடியாததை எல்லாம் சேர்த்து வைத்து இப்போது மைக்கில் பேசுகிறார்.

"மேடம், பங்கேற்கிற பசங்க எல்லாரும் இங்கதான் இருப்பாங்க. ஒரு சத்தம் கீழே மேடைக்கு வரக்கூடாது. சீஃப் கெஸ்ட் வந்ததும் ஒவ்வொருத்தரா அனுப்புங்க."

"அதுவரைக்கும் என்ன பண்றது சார்?"

"அதுக்குத்தானே நீங்க! இங்க இருக்கிற எதை வேணும்னாலும் எடுத்துக்குங்க. எதையாவது வெச்சு எங்கேஜ் பண்ணுங்க."

சொல்லிவிட்டு, ஒரு பெரிய அட்டைப் பெட்டியை என் காலடியில் வைக்கச் சொன்னார். உள்ளே பொன்னாடைகள். போன வருடம் கீழே வைத்ததில் பாதி காணாமல் போய், மிச்சத்தையே மேடைக்குப் பின்னால் கழற்றிக் கழற்றி மறுபடி போர்த்தினார்களாம். அதனால் இந்த முறை பிள்ளைகள் இருக்கும் இடம்தான் பத்திரம் என்று கமிட்டி முடிவெடுத்திருக்கிறது. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதையை இவர்கள் யாருமே கேட்டதில்லை.

கூடத்தில் ஒரு காய்கறிச் சந்தையே உட்கார்ந்திருந்தது. மாறுவேடப் போட்டி இருந்ததால் இரண்டு தக்காளி, ஒரு கத்தரிக்காய், ஒரு ராக்கெட், டாக்டர்கள் ஒரு கூட்டம். கத்தரிக்காய்க்கு அட்டையில் உடம்பு செய்து மாட்டிவிட்டிருந்தார்கள். பாவம், அதனால் நிற்கத்தான் முடிந்தது, உட்கார முடியவில்லை. ராக்கெட்டுக்கு ஒன்றுக்குப் போகவேண்டும், ஆனால் அம்மா ஒட்டிய செல்லோடேப்பைப் பிரித்தால் அம்மா அடிப்பாள். பெற்றவர்கள் எல்லோரும் கீழே முன்வரிசையில் இடம் பிடித்து, போனைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார்கள்.

ஓரமாகச் சுவரில் சாய்ந்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் வகுப்பு இருக்கும். காலில் சலங்கை. ஆனால் இரண்டு கையாலும் சலங்கையைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா பொத்திக்கினே இருக்கே? கைய எடு," என்றாள் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மணி. அந்தப் பெண்ணின் அம்மா அவள்தான். நகரில் பாதி வீடுகளில் பாத்திரம் தேய்ப்பதும் அவள்தான். என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பழக்கம் மிஸ். இவ அப்பா ராத்திரி முச்சூடும் ஐ.டி. கம்பெனி வண்டி ஓட்டுறாரு. இது இஸ்கூல் வுட்டு வரசொல்ல அவரு தூங்கினு இருப்பாரு. ஒரே ரூமு. சலங்கை சத்தம் கேட்டா முழிச்சிக்குவாருன்னு இது சலங்கை இல்லாமதான் ஆடிப் பழகிச்சி. அவரு இன்னும் ஒரு தபா கூட பாக்கல. இன்னிக்குத்தான் பாக்க வர்றாரு."

எழில் என்ற அந்தப் பெண் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"மிஸ், எங்கப்பாக்கு எட்டு மணிக்கு சிறுசேரில பிக்கப். அதுக்குள்ள என் டான்ஸ் வந்துடுமா?"

விழா நாலரைக்கு. நான் தைரியமாக, "தாராளமா வந்துடும்" என்று சொல்லிவிட்டேன். அந்த வாயை நானே என்ன செய்வது?

நாலரை விழா ஐந்தரைக்கு ஆரம்பித்தது. பில்டர் ஜி.எஸ்.டி. ரோட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று செய்தி வந்தது. அவர் வரும்வரை சும்மா இருக்கலாமா? லக்ஷ்மிநாராயணன் வரவேற்புரை ஆற்றினார். பிறகு ஆண்டறிக்கை வாசித்தார். கொசு மருந்து அடித்ததற்கே கால் மணி நேரம் போனது. ராஜகோபால் தலைமையுரை ஆற்றினார். தலைமையுரை என்பது தன் தலையைப் பற்றிய உரை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். இந்த ஏரியாவில் ஏரி எங்கே இருந்தது, அவர் அதில் எப்படி நீச்சல் அடித்தார், அந்த ஏரி எப்படிக் காணாமல் போனது என்று எல்லாம் சொன்னார். கடைசிக் கேள்விக்கு விடை அவர் நிற்கும் இடத்தின் அடியில்தான் இருக்கிறது, அதை மட்டும் சொல்லவில்லை.

மாடியில் என் சரக்கெல்லாம் தீர்ந்தது. சிங்கம் இரண்டு முறை வந்துபோனது. பலூனில் நாய், வாத்து, வாள் எல்லாம் செய்தாகிவிட்டது. வாள் செய்தது என் தப்பு, ஒரு டாக்டருக்கு மூக்கில் குத்து. கத்தரிக்காய் அழ ஆரம்பித்தது. பசி. கூடத்தின் மூலையிலேயே அன்பு என்ற சமையல்காரர் வடை போட்டுக்கொண்டிருந்தார். வாசனை வருகிறது, ஆனால் சீஃப் கெஸ்ட் சாப்பிடாமல் யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று உத்தரவு.

நான் கீழே இறங்கிப் போய் லக்ஷ்மிநாராயணனின் காதில் சொன்னேன்.

"சார், அவர் வர்ற வரைக்கும் பசங்க ப்ரோக்ராமை ஆரம்பிச்சிடலாமே. பேசறதுக்கு பதிலா ஆடட்டும்."

என்னை ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோலப் பார்த்தார். "அவர் வராம ஆடினா அவர் வந்து எதைப் பார்ப்பார்? நல்லா இருக்கே!"

"சார், ஒரே ஒரு குழந்தை. அவ அப்பா டியூட்டிக்குப் போகணும்..."

"எல்லா அப்பாவுக்கும் டியூட்டி இருக்கு மேடம். எல்லாத்துக்கும் ஒரு ஆர்டர் இருக்கு." அந்த ஆர்டரில் முதலில் தலைவரின் பேத்தி, பிறகு கமிட்டிக்காரர்களின் பிள்ளைகள். எழில் கடைசி. அவர் மைக்கைப் பிடித்து, "அடுத்து, இரண்டே இரண்டு வார்த்தைகள் பேச..." என்று பொருளாளரை அழைத்தார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கோபத்தோடு மாடி ஏறினால், தலைவரின் பேத்தி ரேஷ்மா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள்.

"மிஸ், நாங்களே ஃபங்ஷன் விளையாடட்டுமா?"

"விளையாடுங்க," என்றேன். "நல்லா விளையாடுங்க."

அதற்குப் பிறகு நான் ஒன்றும் செய்யவில்லை. கை கட்டி உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

பெரிய தக்காளி தலைவர் ஆனது. ரேஷ்மா செயலாளர். பலூன் வாளைத் திருப்பிப் பிடித்து மைக் ஆக்கிக்கொண்டு, "இரண்டே இரண்டு வார்த்தைகள்!" என்றாள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் "அய்யோ!" என்று தலையில் கை வைத்துச் சரிந்தார்கள். தக்காளி எழுந்து, "நான் இந்த ஏரியில் நீச்சல் அடித்தேன்" என்றது. கைதட்டல். "ஏரியைக் காணோம்" என்றது. மறுபடி கைதட்டல். ஒரு டாக்டர் எழுந்து கொசு பற்றி அறிக்கை படித்தான். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கீழே நடப்பதைவிட இது நூறு மடங்கு ஒழுங்காக நடந்தது, முக்கியமாகச் சீக்கிரம் முடிந்தது.

"அடுத்து பொன்னாடை!" என்றாள் ரேஷ்மா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் காலடியில் பெட்டி.

'இங்க இருக்கிற எதை வேணும்னாலும் எடுத்துக்குங்க' என்று செயலாளரே சொல்லியிருக்கிறார். நான் சொல்பேச்சுக் கேட்கிறவள். பெட்டியைத் திறந்து வைத்தேன்.

யாருக்குப் போர்த்துவது என்று ஒரு நிமிடம் வாக்குவாதம் நடந்தது. பெரியவர்களாக இருந்தால் தங்களுக்குள்ளேயே போர்த்திக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகளுக்கு அந்தக் கலை இன்னும் வரவில்லை. சுற்றிப் பார்த்து, யார் வேலை செய்துகொண்டிருக்கிறார்களோ அவர்களைப் பிடித்தார்கள். வடை போடும் அன்புக்கு முதல் பொன்னாடை. "அய்ய, எண்ணெ பட்டுடும் பாப்பா, வேணாம்," என்று அவர் நெளிய, ராக்கெட் விடவில்லை. போர்த்தியதும் அவர் உத்தரவையும் மறந்து ஆளுக்கு ஒரு வடை கொடுத்தார். பிறகு வாட்ச்மேனைக் கூட்டி வந்தார்கள். இலை போடும் பெண்கள், தண்ணீர் கேன் போடுபவர், அம்மணி. அம்மணி துடைப்பத்தோடு நின்று, வெட்கத்தில் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அவள் பாத்திரம் தேய்க்கும் வீட்டுப் பிள்ளைதான் அவளுக்குப் போர்த்தியது.

"இப்ப இவங்க முன்னாடி கலை நிகழ்ச்சி!" என்று அறிவித்தாள் ரேஷ்மா. கத்தரிக்காய் தன் நற்குணங்களைச் சொன்னது. ராக்கெட் ஏவப்பட்டு, நேராகக் கழிவறைக்குப் போய்த் திரும்பி வந்தது. டாக்டர்கள் எல்லோரும் வாட்ச்மேனுக்கு ஊசி போட்டார்கள். ரேஷ்மாவே தன் பாட்டைப் பாடினாள். வடை வாசனைக்கோ பாட்டுச் சத்தத்துக்கோ, கீழே இருந்து ஒவ்வொருவராகப் பெற்றவர்கள் மாடிப்படியில் ஏறி வந்து நின்றார்கள். வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை.

அந்தக் கூட்டத்துக்குப் பின்னால்தான் ஏசுபாதம் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் கம்பெனி அட்டை, கையில் கத்திக்கொண்டே இருக்கும் போன். எழிலின் அப்பா.

"மிஸ், நம்ப பாப்பா டான்ஸு எப்போ? எனக்கு டைம் ஆயிட்சி. லேட்டா போனா பேஜாரு, வண்டிய வேற ஆளுக்கு குட்த்துடுவான்." என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. "பரவால்ல மிஸ். நான் போறேன். போன்ல புடிச்சி அனுப்ப சொல்லுங்க. ராத்திரி வண்டி நிக்கறப்ப பாத்துக்குறேன்."

கூட்டத்துக்கு நடுவே எழில் அவரைப் பார்த்துவிட்டாள். அழவில்லை. அப்பா போகப்போகிறார் என்று தெரிந்ததும், பழக்கம்போல, இரண்டு கையும் தானாகச் சலங்கையைப் பொத்தின. 

"கொஞ்சம் நில்லுங்கண்ணா," என்றேன். "ரேஷ்மா! அடுத்தது யாரு?"

ரேஷ்மாவுக்கு அவள் தாத்தாவின் புத்தி வரவில்லை, நல்லவேளை. பலூனை வாயருகே வைத்து, "அடுத்து எழில்! வரவேற்புரை கிடையாது!" என்றாள்.

என் போனில் பாட்டை வைத்தேன். அன்பு அடுப்பை அணைத்தார், எண்ணெய்ச் சத்தம் இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று. இலை அடுக்கிய மேசைகளுக்கு நடுவே, ஈரத் தரையில், எழில் ஆடினாள். முதலில் பூனைபோல மெல்ல மெல்லத்தான் கால் வைத்தாள், யாரையோ எழுப்பிவிடக்கூடாது என்பதுபோல. ஏசுபாதம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து குந்தி உட்கார்ந்து, "நல்லா மிதிம்மா! நான் முழிச்சிக்கினுதான் கீறேன்!" என்றார்.

அப்புறம் அவள் மிதித்த மிதியில் கிளியம்மாள் மஹால் அதிர்ந்தது. கீழே பொருளாளரின் இரண்டாவது வார்த்தை நின்றுபோயிருக்கும். ஏசுபாதத்தின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் அதை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கக்கூட இல்லை. எனக்கும்தான் வழிந்தது. இத்தனை வருடத்தில் எத்தனையோ நிகழ்ச்சி பார்த்தாயிற்று, ஒருவரும் படம் பிடிக்காமல் வெறும் கண்ணால் பார்த்த நிகழ்ச்சி அது ஒன்றுதான்.

ஆடி முடித்து எழில் நேராகப் பெட்டிக்குப் போனாள். மிச்சம் ஒன்றே ஒன்று இருந்தது. தனிக் கவரில், சிவப்புப் பட்டில் அகல ஜரிகை போட்டது. அதை அப்பாவுக்குப் போர்த்தினாள். அவர் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"போட்டுட்டுப் போங்கண்ணா. கழட்டாதீங்க. டைம் ஆச்சு," என்று படியில் தள்ளிவிட்டேன். ஜரிகை பளபளக்க ஓடிப்போய் வண்டியை எடுத்தார்.

அவர் வண்டி வெளியே போன வழியில்தான் பில்டரின் கார் உள்ளே வந்தது. நாதஸ்வர கேசட் அலறியது. மாடியில் இருந்தவர்கள் யாரும் நகரவில்லை. சாப்பாடு அங்கேதானே இருக்கிறது. கீழே மைக்கில், "இப்போது நம் சிறப்பு விருந்தினருக்குத் தலைவர் பொன்னாடை போர்த்துவார்" என்ற குரல் கேட்டது.  பிறகு படியில் தடதடவென்று லக்ஷ்மிநாராயணன்.

காலிப் பெட்டியைப் பார்த்தார். துடைப்பத்தோடு பொன்னாடை, கரண்டியோடு பொன்னாடை, தண்ணீர் கேனோடு பொன்னாடை.  

"என்ன மேடம் இது! இதுக்குப் பேரு எங்கேஜ்மென்ட்டா?"

"ஒரு சத்தம் கீழே வந்துச்சா சார்? கடைசி டான்ஸைத் தவிர?"

பட்டுச் சால்வை எங்கே என்றார். சிறுசேரிக்கு டியூட்டிக்குப் போயிருக்கிறது என்றேன். அதற்கு மேல் பேச நேரமில்லாமல், அன்பின் தோளில் இருந்ததை உருவிக்கொண்டு ஓடினார். அதைத்தான் ராஜகோபால் பல்லைக் காட்டிக்கொண்டு பில்டருக்குப் போர்த்தினார். பில்டர் மூக்கை உறிஞ்சிப் பார்த்து, "வடையா?" என்று கேட்டது மைக்கிலேயே கேட்டது.

அடுத்து கலை நிகழ்ச்சி. பிள்ளைகளை வரிசையாக அழைத்துப் போய் மேடையில் நிறுத்தினேன். அது என் வேலை, அதில் குறை வைக்கமாட்டேன்.

"முதலில் ரேஷ்மா!" என்று அறிவித்தார் ராஜகோபால்.

"நான் பாடிட்டேன் தாத்தா," என்றாள் ரேஷ்மா. அவள் உதட்டில் வடைத் துணுக்கு.

தக்காளி முடித்துவிட்டதாம். கத்தரிக்காய் அட்டையையே கழற்றிப் போட்டுவிட்டு வந்திருந்தது. ராக்கெட் திரும்பி வந்துவிட்டது, இன்னொரு தடவை போகத் தேவையில்லை என்று சொன்னது. கடைசியில் சலங்கையோடு நின்றவள் எழில் மட்டும்தான். ராஜகோபாலின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. ஆர்டரில் கடைசியாக இருந்தவளை முதல் ஆளாகக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

"இந்தக் கண்ணு ஆடும். சார் உனக்காகத்தான் அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்காரு. ஆடும்மா."

எழில் பில்டரை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு மரியாதை தெரியும். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் மைக் பக்கத்தில் இருந்தது.

"நீங்க லேட்டா வந்துட்டீங்க அங்கிள். எங்கப்பா டைமுக்கு வந்துட்டாரு. ஆடி முடிச்சிட்டேன்."

லக்ஷ்மிநாராயணன் பாய்ந்து மைக்கைப் பிடுங்கினார். "நேரமின்மை காரணமாகக் கலை நிகழ்ச்சிகள் ரத்து செய்யப்படுகின்றன. இப்போது சிறப்பு விருந்தினர், 'குழந்தைகளுக்காக நேரம் ஒதுக்குவோம்' என்ற தலைப்பில் சிறப்புரை ஆற்றுவார்."

பில்டர் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். எழில் மேடையிலிருந்து இறங்கி, அந்த நாற்காலிகளுக்கு நடுவே, அம்மா இருந்த மாடிப்படியை நோக்கி நடந்தாள். கைகளை வீசிக்கொண்டுதான் நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் சலங்கை குலுங்கி, பேச்சு நின்று நின்று போனது.

"மேடம், மேடம்!" என்று லக்ஷ்மிநாராயணன் மேடை ஓரத்திலிருந்து என்னிடம் பல்லைக் கடித்தார். "அந்தச் சலங்கையைக் கழற்றச் சொல்லுங்க. சத்தம்!"

"சீஃப் கெஸ்ட் வர்ற வரைக்கும்தான் சார் என் வேலை," என்றேன்.